ஆட்டம் முகப்பில், கான்கிரீட் காலடியில்: ஒரு திறந்த மடல்

வடசென்னையில் கட்டப்படவிருக்கும் பொது ஆட்டக்கலை அரங்கத்தின் வடிவமைப்புக்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் பொறுப்பான அலுவலர்களுக்கு,

மக்கள் பார்வைக்கு முதலில் வைத்த படத்தில் அரங்கத்தின் கூரை தரையிலிருந்தே எழுந்தது. கரகம் ஆடுபவரின் இடுப்பைப்போல ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் புரண்டு, திரும்பத் தரையைத் தொட்டது. ஒப்பந்தப்புள்ளியோடு வந்திருக்கும் திருத்திய வரைபடத்தில் அந்தக் கூரை இல்லை. நேர்த்தூண்களும் தட்டைத் தளமும் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டிக்கு வெளியே இரும்புச் சட்டம், சட்டத்தின்மேல் அலை அலையாக ஏசிபி தகடு (இரு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே வேறொரு பொருளை வைத்து ஒட்டிய பலகை). முதல் மாடிக்குப் போன வளைந்த சாய்தளம் நீக்கப்பட்டு லிஃப்ட் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மேடையின் மரத்தளம் ‘செலவுக் குறைப்பு’ என்ற தலைப்பின் கீழ் டைல்ஸ் தளமாகியிருக்கிறது. வளைவுப் பகுதிகளின் கட்டமைப்புக் கணக்கை ஒப்பந்ததாரரே செய்துகொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு வரி. மக்களுக்குக் காட்டும் படம் மட்டும் மாறவில்லை.

வளைவு வேண்டும் என்று அடம்பிடிக்க இதை எழுதவில்லை. பணம் போதாது, நேர்ச்சுவர் அரங்கமே போதும் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. நல்ல பெட்டி அரங்கங்கள் எத்தனையோ உண்டு. படத்துக்கு வளைவையும் கணக்குக்குப் பெட்டியையும் வைத்துக்கொண்டால், வளைவுக்கான செலவும் வரும், பெட்டியின் எளிமையும் போகும். கட்டடங்களை வரைந்தும் கணக்கிட்டும் தளத்தில் நின்று கட்டியும் பழகியவர்கள் என்ற முறையில், எது எப்படிக் கெடும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

அசைவைக் கட்டடத்தில் நிறுத்துவது நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் நாட்டியத்தின் 108 கரணங்களில், அதாவது ஆட்ட நிலைகளில், 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டுத் தாராசுரம் கோயிலில் முன்மண்டபமே தேர். அடித்தளத்தில் சக்கரம், இழுத்து ஓடும் குதிரை. இங்கே சென்னையில் 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டத்தின் கல்தேரும் அதே வழி. தாராசுரத்தில் சக்கரம் செதுக்கிய கல்லேதான் மண்டபத்துக்குப் பீடமாகவும் நிற்கிறது. சுமை வேறிடத்திலும் அழகு வேறிடத்திலும் இல்லை. திருத்திய வரைபடத்தில் இரண்டும் ஒன்றரை மீட்டர் இடைவெளிவிட்டு நிற்கின்றன.

வளைவுகளெல்லாம் ஒரே வகையும் அல்ல. பீப்பாய்போல ஒரு திசையில் மட்டும் வளையும் பரப்பைத் தட்டைப் பலகையை வளைத்தே செய்துவிடலாம். நேர்க்கோடுகளைச் சற்றுச் சற்றுத் திருப்பி வரிசையாக அடுக்கினால் இன்னொரு வகைப் பரப்பு கிடைக்கும்; கண்ணுக்கு இரு திசையிலும் வளைந்து தெரியும், ஆனால் அதைச் செய்யும் ஒவ்வொரு பலகையும் நேரானது. மனம்போனபடி இரு திசையிலும் வளைவது மூன்றாவது வகை. அதில் ஒரு அச்சில் வார்த்ததை இன்னோர் இடத்தில் பொருத்த முடியாது. கணினிப் படத்தில் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். பில் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

சிட்னி ஆபரா ஹவுஸ் இந்தப் பாடத்தை முழுக்கட்டணம் கட்டிப் படித்தது. 1957இல் யோர்ன் உட்சனின் வரைபடம் போட்டியில் வென்றது. கூரையின் வடிவக்கணக்கு தீராமலே 1959இல் அடித்தள வேலையைத் தொடங்கினார்கள். பிறகு கூரையின் எடை தெரியவந்ததும் முன்பே எழுப்பிய தூண்கள் போதாமல் அவற்றைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. சிப்பிபோல் வளைந்த எல்லாக் கூரை ஓடுகளையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற யோசனை வந்த பிறகுதான் ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி கூரையைத் தாங்கும் விலாக்களை வார்க்க முடிந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய வேலை 10 கோடியே 20 லட்சத்தில் போய் நின்றது, 1973இல்தான் திறந்தார்கள். அரங்கம் உலகப் புகழ் பெற்றது, உண்மை. ஆனால் உங்கள் ஆவணம் பின்பற்றுவது அதன் புகழை அல்ல, 1959ஆம் ஆண்டின் அவசரத்தை: வடிவக்கணக்கு இல்லாமல் பைல் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) போடும் தேதி மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது.

குறைந்த செலவில் செய்துகாட்டியவர்களும் உண்டு. மெக்சிகோவில் ஃபெலிக்ஸ் கண்டேலா 1958இல் சோச்சிமில்கோவில் ஓர் உணவகத்துக்கு 4 சென்டிமீட்டர் தடிமனில் மலர்போல் விரியும் கான்கிரீட் கூரை போட்டார். அது மேலே சொன்ன இரண்டாம் வகை. சென்ட்ரிங் முழுக்க நேர்ப்பலகைகள். உருகுவேயில் எலாடியோ டியஸ்தே அட்லாண்டிடா தேவாலயத்தின் செங்கல் சுவரை அடியில் நேர்க்கோடாகத் தொடங்கி உச்சியில் அலையாக முடித்தார். அடிக்கோட்டுக்கும் மேல் அலைக்கும் இடையே நூல் கட்டிவிட்டால் கொத்தனார் அந்த நூலைப் பார்த்து வரிசை வைத்துக்கொண்டே போகலாம். மடித்த காகிதம் தானே நிற்பதுபோல, அந்த அலைதான் மெல்லிய சுவருக்கு நிற்கும் பலம் கொடுக்கிறது. 2021இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செங்கல்லும் நூலும் கொத்தனாரும் உள்ள ஊர் நம்முடையது. சிட்னியைவிட அட்லாண்டிடாதான் நமக்குப் பக்கத்து வீடு.

ஆனால் அப்படியே நகலெடுக்கவும் முடியாது. கண்டேலாவின் 4 சென்டிமீட்டர், காசிமேட்டு உப்புக்காற்றில் நிற்காது. கடலோரச் சூழலுக்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது எம்30 என்ற வலுத்தரக் கான்கிரீட், கம்பியை வெளியே மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர். நேரடியாகக் கடல்நீர்த் துளி படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். இரு முகத்துக்கும் கவர் 90, நடுவே 8 மில்லிமீட்டர் கம்பியில் இரண்டு வலை வைத்தால் 32. கை பிசகுக்கும் இடம்விட்டால் ஓட்டின் தடிமன் 130 முதல் 150 மில்லிமீட்டர் ஆகிவிடும். 150 என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ. நாற்பது மில்லிமீட்டர் ஓட்டுக்கு இது 100 கிலோதான். தூணும் பைலும் இந்த எடைக்குக் கணக்கிடப்பட வேண்டும், ‘மெல்லிய ஓடு’ என்ற சொல்லுக்கு அல்ல.

தளத்தில் என்ன நடக்கும் என்பதையும் ஆவணம் எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். நேர்ச்சுவருக்கு நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம் போதும். மனம்போனபடி இரு திசையில் வளையும் பரப்புக்கு நூல் பிடிக்க முடியாது. அரை மீட்டருக்கு ஒரு புள்ளியென மூன்று அளவுகளையும் அட்டவணையாகக் கொடுத்து, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் குறித்து, சென்ட்ரிங் ஏறிய பின் ஒருமுறையும் கம்பி கட்டிய பின் ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் அந்த அட்டவணையே இல்லை. 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஏறக்குறைய 2 மீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைந்தால் கீறும். அங்கே 6 மில்லிமீட்டர் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடிக்க வேண்டும். சரிவு அதிகமான இடங்களில் ஈரக் கான்கிரீட் வழிந்து இறங்கும். மேற்பக்கமும் ஷட்டர், அதாவது அச்சுப்பலகை, வைத்து மூட வேண்டும். மூடினால் கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் எட்டாமல் தேன்கூடுபோல ஓட்டை விழும். அதனால் மேல் ஷட்டரை ஒரு மீட்டர் உயரத் துண்டுகளாக, வார்க்க வார்க்க மூடிக்கொண்டே போவதுதான் வழி.

கம்பியில்தான் பெரிய ஆபத்து. 8, 10 மில்லிமீட்டர் கம்பிகள் பெரிய ஆரத்துக்குத் தாமே வளைந்து கொடுக்கும். 16க்கு மேல் இயந்திரத்தில் உருட்டி வளைத்துத்தான் கொண்டுவர வேண்டும். நேர்க்கம்பியை இழுத்துக் கட்டினால் அது மறுபடி நிமிரப் பார்க்கும், கம்பியை ஷட்டரிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கை நசுக்கி ஷட்டர் பக்கம் ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் 45 என்றிருந்த கவர் கான்கிரீட்டுக்குள் 20 ஆகிவிடும். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளில் துருக்கோடு வரும், பிறகு துண்டு துண்டாக விழும்; கூரை தரையைத் தொடும் இடத்தில், அதாவது பிள்ளைகள் ஏறி விளையாடப் போகும் இடத்தில்.

இதெல்லாம் தொல்லை என்றுதானே ஏசிபிக்குப் போனோம் என்பீர்கள். போன இடமும் சுகமில்லை. ஏசிபி ஒரு தட்டைத் தகடு. இரு திசை வளைவுக்கு அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் ஒட்ட முடியும். 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 1.2 மீட்டர் அகலத் தட்டைத் தகடு வைத்தால், நடுவில் உண்மையான வளைவிலிருந்து 30 மில்லிமீட்டர் விலகும். படத்தில் வழவழப்பாக இருந்தது நேரில் பட்டை பட்டையாகத் தெரியும். 60 சென்டிமீட்டராகக் குறைத்தால் விலகல் 7.5 மில்லிமீட்டர், ஆனால் இணைப்புகள் இரட்டிப்பாகும், ஒவ்வோர் இணைப்பும் சிலிக்கான் அடைப்பை நம்பி நிற்கும். இரும்புச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே வரும் அலுமினியச் சட்டம் 6 மீட்டர் நீளமுள்ளது, வெயிலில் அதன் சூடு 40 டிகிரி ஏறி இறங்குகிறது என்றால், நீளம் தினமும் ஐந்தரை மில்லிமீட்டர் கூடிக் குறையும். நீள்துளை விடாமல் இறுக்கி முடுக்கினால் தகடு நெளியும், ரிவெட் தளரும்.

தளர்ந்த தகட்டைக் காற்று சும்மா விடாது. கட்டடங்களின் மீதான சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சென்னைக்குக் குறிக்கும் அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. அலையின் முகட்டிலும் ஓரத்திலும் இது உறிஞ்சி இழுக்கும் விசையாக மாறும். எவ்வளவு என்பது இந்த வடிவத்துக்கு அட்டவணையில் கிடைக்காது, காற்றுச்சுரங்கத்தில் மாதிரி வைத்துத்தான் அளக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த ஊரில் எதையெல்லாம் பிடுங்கியது என்று நினைவிருக்கும்.

தீயைப் பற்றி ஆவணத்தில் ஒரு சொல்லும் இல்லை. பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட தகடு எரியும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் தீ அப்படிப்பட்ட தகட்டைப் பற்றிக்கொண்டுதான் வெளிச்சுவர் வழியே பரவியது. 72 பேர் இறந்தார்கள். உங்கள் வரைபடத்தில் தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள ஒன்றரை மீட்டர் வெற்றிடம், கீழிருந்து மேல்வரை தடையே இல்லாத புகைபோக்கி. சாதாரண நாட்களில் அது புறாவுக்கும் எலிக்கும் வீடு. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கக் கை எப்படி நுழையும் என்பதும் வரைபடத்தில் இல்லை.

இன்னொன்று, மேற்கு முகப்பு. உள்பக்கமாகக் குழிந்த வளைவில் பளபளப்பான தகடு போட்டிருக்கிறீர்கள். குழிந்த பளபளப்பு வெயிலைத் தன் ஆரத்தின் பாதித் தூரத்தில் குவிக்கும். ஆரம் 24 மீட்டர், ஆகவே குவியும் இடம் 12 மீட்டர் வெளியே: டிக்கெட் வரிசை. லாஸ் ஏஞ்சலிஸில் 2003இல் திறந்த டிஸ்னி இசையரங்கின் தகடுகளில் சிலவற்றை அக்கம்பக்கத்தார் சூடு தாங்காமல் புகார் செய்ததால் பின்னர் தேய்த்து மங்கலாக்கினார்கள். 2013இல் லண்டனில் ஒரு குழிந்த கண்ணாடிக் கோபுரம் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. அது லண்டன் வெயில்.

படத்தில் மழையும் பெய்வதில்லை. அலைக்கூரையில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு ஓடை. 1,000 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் வினாடிக்கு 28 லிட்டர் தண்ணீர். 100 மில்லிமீட்டர் குழாய் ஒன்று அந்த மழையில் சமாளிக்கும் பரப்பு ஏறத்தாழ 85 சதுர மீட்டர். ஆக 12 குழாய். வரைபடத்தில் நான்கு. அந்த நான்கும் தூணுக்குள் புதைக்கப்பட்டிருக்கின்றன. வேப்பிலையும் அறுந்த பட்டமும் ஒரு குழாயை அடைத்தால் தூணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். குழாய் வெளியே தெரிந்தால் என்ன குறை? பள்ளத்தின் அடியில் அகலமான வாய்க்கால், அடைத்தாலும் வெளியே வழிந்துபோக ஒரு மேல்வாய், ஓரமெங்கும் நீர்சொட்டுக் காடி, சுத்தம் செய்பவர் கயிறு கட்டிக்கொள்ளக் கொக்கி. காடி இல்லாத வளைந்த ஓரத்தில் நீர் ஒட்டிக்கொண்டே இறங்கி, இரண்டு ஐப்பசி கழிந்ததும் கட்டடத்தைக் கறுப்புக் கண்மை வழிந்த முகம்போலாக்கிவிடும்.

உள்ளே வருகிறோம். மனிதர் அசைவது அங்கேதான்.

சாய்தளத்தை ஏன் எடுத்தீர்கள் என்று புரிகிறது. இடத்தை அது விழுங்கும். 4.2 மீட்டர் ஏற 12க்கு 1 சரிவில் 50 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் நிற்கும் தளங்கள் தனி. இவ்வளவு உயரத்துக்கு 15க்கு 1தான் சக்கர நாற்காலிக்கு நல்லது. அது 63 மீட்டர். முதல் வரைபடத்தின் சாய்தளத்திலும் ஒரு பிழை இருந்தது, அதை யாரும் சுட்டவில்லை. வளைந்த சாய்தளத்தின் சரிவை நடுக்கோட்டில் அளந்திருந்தார்கள். நடு ஆரம் 6 மீட்டர், அகலம் 2 மீட்டர் என்றால் உள்விளிம்பின் ஆரம் 5. நடுவில் 12க்கு 1 என்பது உள்விளிம்பில் 10க்கு 1 ஆகிவிடும். உள்விளிம்பில் அளந்து சரி வந்தால்தான் சரி. திருத்த வேண்டியதைத் திருத்தாமல் சாய்தளத்தையே தூக்கிவிட்டீர்கள். நிகழ்ச்சி முடிந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், மின்சாரமும் போய்விட்டால்? பறை, கரகம், பொய்க்கால் குதிரை எல்லாம் எந்த லிஃப்டில் ஏறும்?

அரங்கின் பின்சுவரை மேடையை நோக்கிக் குழித்திருக்கிறீர்கள். வெயிலுக்குச் சொன்னதுதான் ஒலிக்கும். சுவர் ஒலியைச் சேர்த்து மேடைக்கே திருப்பும். நேரொலிக்கும் எதிரொலிக்கும் பாதை வித்தியாசம் 17 மீட்டரைத் தாண்டினால் காது அதைத் தனி ஒலியாகவே கேட்கத் தொடங்கும். நட்டுவாங்கத் தாளம் இரண்டாகக் கேட்டால் ஆடுபவர் எதற்கு அடி வைப்பார்? அதே சுவரை ஒன்று ஒன்றரை மீட்டர் அகலத் துண்டுகளாக உடைத்து அரங்கின் உள்பக்கம் நோக்கிப் புடைக்கவிட்டால் ஒலி சிதறும். துளையிட்ட மரப்பலகைக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி வைத்தால் மிச்சமும் அடங்கும். இதற்கு ஆகும் செலவு முகப்புத் தகட்டின் ஒரு மூலைக்கு ஆகாது.

மேடைத்தளம் பற்றிச் சொல்லும்போது கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை. பரதத்தின் தட்டடவு செய்யும் வெறுங்காலுக்குக் கீழே கான்கிரீட்டில் ஒட்டிய டைல்ஸ் என்றால் அடியின் அதிர்ச்சி முழுதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் திரும்பி ஏறும். தேவையானது இவ்வளவுதான்: கான்கிரீட் மேல் ஈரத்தடுப்புத் தாள், ரப்பர் திண்டு, குறுக்கும் நெடுக்கும் மரச்சட்டம், இரண்டு அடுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே தேக்குப் பட்டை. கறையான் மருந்து மண்ணிலேயே போட வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் மரம் உப்பும் என்பதால் சுவரோரம் 12 மில்லிமீட்டர் சந்துவிட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும், சட்டங்களுக்கு இடையே காற்றோடத் துளை வேண்டும். சந்துவிட மறந்தால் முதல் மழைக்காலத்திலேயே தளம் நடுவில் கூரையாக எழும்பும். ஆட்டத்தை வெளியே சிலையாக நிறுத்தி, ஆடுபவரின் காலடியில் மிச்சம் பிடிப்பது எந்தக் கணக்கு?

ஆகவே எங்கள் கோரிக்கைகள். ஒப்பந்தப்புள்ளியின் கடைசித் தேதியைத் தள்ளிவைத்து, இப்போதைய ஆவணத்தைத் திரும்பப் பெறுங்கள். வளைவு வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்து எழுத்தில் சொல்லுங்கள். வேண்டாமென்றால் தகட்டையும் சட்டத்தையும் முழுதாக நீக்கி, அந்தப் பணத்தைத் தளம், ஒலி, சாய்தளம் மூன்றுக்கும் மாற்றுங்கள். புதிய படத்தை மக்களிடம் வையுங்கள்.

வேண்டுமென்றால், நேர்க்கோடுகளால் ஆன பரப்பாகவோ ஒரே கோளத்தின் துண்டுகளாகவோ வடிவக்கணக்கைத் தீர்த்து, புள்ளி அட்டவணையோடும் கட்டமைப்பு வரைபடத்தோடும் ஒப்பந்தப்புள்ளி விடுங்கள். கணக்கு உங்கள் பொறியாளருடையதாக இருக்கட்டும். அதை இன்னொரு சுதந்திரமான கட்டமைப்புப் பொறியாளர் சரிபார்க்கட்டும். காற்றுச்சுரங்கச் சோதனை பைலுக்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் அல்ல. வளைந்த ஷட்டரிங்குக்கும் உருட்டிய கம்பிக்கும் தனி விலை இனம் கொடுங்கள். நேர்ச்சுவர் விலையில் வளைவு கேட்டால் கம்பியின் கவரில்தான் திருடுவார்கள். தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்ற இரு உறை முறையில், முன்பு வளைந்த கான்கிரீட் செய்து காட்டியவர்களின் விலை உறையை மட்டும் பிரியுங்கள்.

வேலை தொடங்குமுன் தளத்திலேயே 3 மீட்டருக்கு 3 மீட்டர் மாதிரித் துண்டு ஒன்றை முழுத் தடிமனில் வார்த்து, அறுத்து, கவரை அளந்து, அந்த அளவைப் பொதுவில் வெளியிட வேண்டும். அது தேறாமல் முதல் கூரை வார்ப்புக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

எந்த வடிவமானாலும் எரியும் நடுப்பகுதி கொண்ட தகடு வேண்டாம், மேற்கே பளபளப்பு வேண்டாம், தூணுக்குள் மழைக்குழாய் வேண்டாம். சாய்தளத்தை உள்விளிம்பு அளவில் திருத்தித் திரும்பக் கொண்டுவாருங்கள். மேடைக்கு மரத்தளம் வேண்டும். அதன் அடுக்குகளை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அந்தப் பகுதியின் பறையாட்ட, கரகாட்ட, பரதக் கலைஞர்களை அழைத்து அவர்கள் காலால் மிதித்துச் சொல்வதைக் குறிப்பில் எழுதுங்கள்.

திருத்திய வரைபடங்களையும் கட்டமைப்புக் கணக்கின் சுருக்கத்தையும் தமிழில் வெளியிட்டு, கருத்துச் சொல்ல 30 நாள் தாருங்கள். இந்த மடலில் உள்ள அளவுகளில் தவறிருந்தால் சுட்டுங்கள். வரைபடத்தோடு வந்து உட்கார்ந்து பேச ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கட்டடக் கலைஞர்களும் கட்டமைப்புப் பொறியாளர்களும் தளப் பொறியாளர்களும் சிலர்
சென்னை